குடும்ப மருத்துவருக்காகக் கைகோத்த காப்பீட்டு நிறுவனங்கள்

மருத்துவக் காப்பீடு என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவில் எழுவது பெரிய மருத்துவமனை, அறுவைச் சிகிச்சை, இலட்சக்கணக்கில் நீளும் பில் ஆகியவையே. வீட்டில் ஒருவர் படுக்கையில் விழுந்த பிறகு, அந்தப் பில்லை யார் கட்டுவது என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடையாகவே காப்பீட்டை நாம் அறிந்திருக்கிறோம். அவர் படுக்கையில் விழாமலே இருந்திருக்க முடியாதா? தெருமுனையில் இருக்கும் குடும்ப மருத்துவர் ஆறு மாதங்களுக்கு முன்பே அவருடைய இரத்த அழுத்தத்தைக் கவனித்து, மருந்தை மாற்றி, வாரம் ஒரு முறை விசாரித்து வந்திருந்தால் இந்தச் செலவும் துயரமும் தவிர்ந்திருக்குமே! அந்த விசாரிப்புக்குக் காப்பீட்டு நிறுவனம் ஏன் பணம் கொடுப்பதில்லை?

எளிமையாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு விடை காணும் முயற்சியில், உலகிலேயே மருத்துவத்துக்கு மிக அதிகமாகச் செலவிடும் நாடான அமெரிக்கா இருபது ஆண்டுகளாக ஈடுபட்டு வந்திருக்கிறது. ஒருவரோடொருவர் போட்டியிடும் தனியார் காப்பீட்டு நிறுவனங்களும் அரசின் காப்பீட்டுத் திட்டங்களும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, குடும்ப மருத்துவர்களைக் கைதூக்கி விடுவதற்காகக் கூட்டாகப் பணம் போட்ட வரலாறு அது. அதில் வெற்றியும் உண்டு, ஏமாற்றமும் உண்டு. இரண்டிலும் நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை நிறைய இருக்கின்றன.

பல கைகளில் இருந்து வரும் பணம்

அமெரிக்காவில் எல்லா மக்களுக்கும் பொதுவான ஒரே காப்பீடு கிடையாது. 65 வயதைக் கடந்த முதியவர்களுக்கும் நெடுநாள் ஊனமுற்றோருக்கும் மெடிகேர் என்ற மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. வறியவர்களுக்கு மெடிகெய்டு என்ற திட்டம் உண்டு. அதன் செலவை மத்திய அரசும் மாநில அரசுகளும் பகிர்ந்துகொள்கின்றன. இவ்விரண்டுக்கும் அதிபர் லிண்டன் ஜான்சன் 1965ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் கையெழுத்திட்டார். உழைக்கும் வயதினரில் பெரும்பாலோர் தாங்கள் வேலை பார்க்கும் நிறுவனத்தின் வழியாகத் தனியார் காப்பீட்டைப் பெறுகின்றனர்.

இதன் விளைவாக, ஒரு சிற்றூரில் கிளினிக் நடத்தும் குடும்ப மருத்துவர் ஒருவரிடம் ஒரே நாளில் வரும் முப்பது நோயாளிகளின் பின்னால் ஏழெட்டுக் காப்பீடுகள் நிற்கக்கூடும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனி விதி, தனித்தனிக் கட்டணம். ஒரு நிறுவனம் நீரிழிவு நோயாளிகளின் சர்க்கரை அளவைக் கணக்குக் கேட்கும். இன்னொன்று அதே கணக்கை வேறொரு முறையில் கேட்கும். மூன்றாவது நிறுவனம் வேறு நோயைப் பற்றி அறிக்கை வேண்டும் என்று சொல்லும். நோயாளியைப் பார்க்கும் நேரத்தைக் காட்டிலும் காகிதத்தைப் பார்க்கும் நேரம் மிகுதி என்று அந்நாட்டு மருத்துவர்கள் குறைபட்டுக்கொள்வதற்கு இது முக்கியக் காரணம்.

வருகைக்கு மட்டுமே கூலி

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. அது மருத்துவருக்குப் பணம் வரும் முறையில் இருக்கிறது. நோயாளி நேரில் வர வேண்டும். மருத்துவர் பார்க்க வேண்டும். அதற்கொரு பில் போட வேண்டும். அப்போதுதான் பணம் வரும். இந்த முறையே நெடுங்காலமாக அங்கே நடைமுறையில் இருந்து வந்தது.

உதாரணத்திற்கு ஒரு மூதாட்டியை எண்ணிக் கொள்வோம். அவருக்கு வயது எழுபது. நீரிழிவு, இரத்த அழுத்தம், இதயத் தளர்ச்சி ஆகிய மூன்றும் உண்டு. தனியாக வாழ்கிறார். மருத்துவமனையில் ஐந்து நாள் இருந்துவிட்டு இப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறார். மருத்துவமனையில் கொடுத்த புதிய மாத்திரைகளும் வீட்டில் இருந்த பழைய மாத்திரைகளும் கலந்து கிடக்கின்றன. எதை நிறுத்த வேண்டும், எதைத் தொடர வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை.

இந்த மூதாட்டிக்கு இப்போது தேவைப்படுவது என்ன? ஒரு செவிலியர் தொலைபேசியில் அழைத்து, மாத்திரைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். கால் வீக்கம் கூடியிருக்கிறதா, உடல் எடை ஏறியிருக்கிறதா என்று இரண்டு நாளுக்கொரு முறை கேட்க வேண்டும். சமைத்துச் சாப்பிட வழி இருக்கிறதா என்பதையும் விசாரிக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து மாதத்திற்கு ஓரிரு மணி நேர வேலை. ஆனால் நோயாளி நேரில் வராத காரணத்தால், பழைய முறைப்படி இந்த வேலைக்கு ஒரு காசு கூடக் கிடைக்காது. அந்தச் செவிலியருக்கு யார் சம்பளம் கொடுப்பது? மருத்துவர் தம் கையிலிருந்து கொடுக்க வேண்டும். அல்லது கொடுக்காமல் விட வேண்டும். பெரும்பாலும் விடப்பட்டது. மூதாட்டி மூச்சுத் திணறலோடு மீண்டும் அவசரப் பிரிவுக்குப் போனால், அங்கே ஆயிரக்கணக்கான டாலர்கள் தயக்கமின்றி வழங்கப்பட்டன.

இந்த முரண்பாட்டின் அளவை ஒரே கணக்கில் காட்டிவிடலாம். அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, அந்நாட்டில் மக்கள் மருத்துவத்தை நாடிச் செல்லும் வருகைகளில் ஏறத்தாழ 35 விழுக்காடு குடும்ப மருத்துவர் போன்ற முதல்நிலை மருத்துவர்களிடமே நிகழ்கிறது. ஆனால் மருத்துவச் செலவில் அவர்களுக்குப் போய்ச் சேருவது ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுமையைச் சுமப்பவர்களுக்கு இருபதில் ஒரு பங்குக் கூலி!

ஒருவர் வெட்டும் வாய்க்கால்

செவிலியரை அமர்த்தினால் மருத்துவமனைச் செலவு குறையக்கூடும் என்றால், இலாபத்தை நாடும் காப்பீட்டு நிறுவனம் தானாகவே அதைச் செய்திருக்க வேண்டாமா என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை நம் வயல்வெளிகளிலேயே இருக்கிறது.

ஒரே வாய்க்காலிலிருந்து ஆறு பேர் நீர் பாய்ச்சுகிறார்கள். வாய்க்கால் தூர்ந்து போயிருக்கிறது. ஒருவர் தம் பணத்தைச் செலவிட்டுத் தூர் வாரினால் ஆறு பேர் நிலத்துக்கும் நீர் பாயும். செலவு ஒருவருக்கு, பயன் ஆறு பேருக்கு. ஆகவே, "அடுத்தவன் வாரட்டும்" என்று ஆறு பேருமே காத்திருப்பார்கள். வாய்க்கால் தூர்ந்தபடியே கிடக்கும்.

காப்பீட்டு நிறுவனங்களின் நிலை இதுவேதான். ஒரு கிளினிக்கில் செவிலியரை அமர்த்த ஒரு நிறுவனம் மட்டும் பணம் கொடுத்தால், அந்தச் செவிலியர் தம் நிறுவனத்து நோயாளிகளை மட்டும் கவனித்துவிட்டு மற்றவர்களைப் புறக்கணிக்க மாட்டார். புறக்கணிக்கவும் கூடாது. எனவே, போட்டி நிறுவனங்களின் நோயாளிகளும் பயனடைவர். இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்கர்கள் வேலை மாறும்போது பெரும்பாலும் காப்பீடும் மாறிவிடும். இன்று ஒரு நிறுவனம் செலவு செய்து ஒருவருடைய இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தால், பத்து ஆண்டுகள் கழித்து அவருக்கு வராமல் போகும் பக்கவாதத்தின் இலாபம் வேறொரு நிறுவனத்துக்குப் போகும். அவர் 65 வயதைக் கடந்துவிட்டால் மெடிகேருக்குப் போகும். விதைப்பவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர் என்ற நிலையில் யார்தான் விதைக்க முன்வருவார்?

மறுபுறம், மருத்துவரின் நிலையிலும் இதைப் பார்க்க வேண்டும். அவருடைய நோயாளிகளில் ஐந்தில் ஒரு பங்கினருக்கு மட்டும் மாதத் தொகை வந்தால், அதைக்கொண்டு முழுநேரச் செவிலியரை அமர்த்த முடியாது. பாதிப் பேருக்கு மேல் வந்தால்தான் கிளினிக்கின் வேலை முறையையே மாற்றியமைக்கும் துணிவு அவருக்கு வரும். ஆகவே, எல்லாரும் சேர்ந்து ஒரே நேரத்தில், ஒரே திசையில் பணம் போட்டாலன்றி மாற்றம் நிகழாது. பல காப்பீடுகளின் கூட்டு முயற்சி என்னும் கருத்து பிறந்தது இவ்வாறுதான்.

வெர்மான்ட் காட்டிய வழி

இதற்கு முதலில் துணிந்தவற்றுள் ஒன்று வெர்மான்ட் என்ற சிறிய மாநிலம். அதன் மக்கள்தொகை ஆறரை இலட்சத்துக்கும் குறைவு. 2003ஆம் ஆண்டு, அப்போதைய ஆளுநர் ஜிம் டக்ளஸ், நாட்பட்ட நோய்களைச் சமாளிப்பதற்கென ஒரு திட்டத்தைத் தொடங்கினார். 2006இல் அது சட்டமாயிற்று. 2008இல் சில ஊர்களில் சோதனை தொடங்கியது. 2010இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம் அதனை மாநிலம் முழுவதும் விரிவாக்கியது.

அத்திட்டத்தின் சிறப்பு, ஊர் நலக் குழு என்ற அமைப்பாகும். ஏறத்தாழ 20,000 மக்களுக்கு ஐந்து முழுநேர ஊழியர் என்ற கணக்கில் செவிலியர், சமூகப் பணியாளர், உணவு ஆலோசகர், மனநல ஆலோசகர் போன்றோர் அக்குழுவில் இடம் பெற்றனர். இவர்கள் எந்தத் தனி நிறுவனத்தின் ஊழியரும் அல்லர். சம்பளச் செலவைக் காப்பீடுகள் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. குழுவின் உதவியைப் பெறும் நோயாளி தனியே கட்டணம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. அவர் எந்தக் காப்பீட்டைச் சேர்ந்தவர் என்று குழுவினர் கேட்க வேண்டியதும் இல்லை. வாய்க்காலை ஆறு பேரும் சேர்ந்து வாரினால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

ஆனால் ஒரு பெரிய குறை இருந்தது. முதியவர்களின் காப்பீடான மெடிகேர், மத்திய அரசின் கையில் இருந்ததால், மாநிலச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது. நோயாளிகளில் மிகுதியாக நோய்வாய்ப்பட்டவர்கள் முதியவர்களே. அவர்களுடைய காப்பீடு பங்கு தராவிட்டால் கூட்டு முழுமை பெறாது. 2011இல் இக்குறை நீங்கியது. வெர்மான்ட், ரோட் ஐலண்ட், மெயின், நியூயார்க், பென்சில்வேனியா, வட கரோலினா, மிச்சிகன், மின்னசோட்டா ஆகிய எட்டு மாநிலங்கள் ஏற்கெனவே நடத்தி வந்த கூட்டு முயற்சிகளில் மெடிகேரும் ஒரு பங்காளியாக வந்து சேர்ந்தது. மத்திய அரசு தன் திட்டத்தை மாநிலங்கள் மீது சுமத்தாமல், மாநிலங்கள் போட்ட பந்தலுக்குள் தானும் வந்து அமர்ந்தது என்பது இதில் கவனிக்கத்தக்கது.

ரோட் ஐலண்டின் ஆணை

ரோட் ஐலண்ட் அமெரிக்காவிலேயே பரப்பளவில் மிகச் சிறிய மாநிலம். அங்கே 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மருத்துவக் காப்பீட்டுக்கெனத் தனி ஆணையர் பதவி உருவாக்கப்பட்டது. முதல் ஆணையர் கிறிஸ்டோபர் கோலர், காப்பீட்டு நிறுவனங்களையும் மருத்துவர்களையும் ஒன்றாக அழைத்துப் பேச வைத்தார். அதன் விளைவாக 2008இல் ஐந்து கிளினிக்குகளில் கூட்டு முயற்சி தொடங்கியது. எல்லா நிறுவனங்களும் ஒரே வகையான ஒப்பந்தத்தை ஏற்றன. ஒரே வகையான அறிக்கையைக் கேட்டன. ஐந்தில் தொடங்கிய அம்முயற்சி பின்னர் மாநிலமெங்கும் பரவியது.

இதோடு ஆணையர் நின்றுவிடவில்லை. நல்லெண்ணத்தை மட்டும் நம்பினால் காரியம் நடவாது என்று உணர்ந்து, ஒரு விதியையும் விதித்தார். 2010 முதல் 2014 வரை, தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் மருத்துவச் செலவில் முதல்நிலை மருத்துவத்தின் பங்கை ஆண்டுக்கு ஒரு விழுக்காட்டுப் புள்ளி வீதம் உயர்த்த வேண்டும். அந்தச் சுமையைப் பிரீமியத்தில் ஏற்றி மக்கள் தலையில் வைக்கக் கூடாது என்பதே அவ்விதி. அத்துடன் மருத்துவமனைகள் ஆண்டுதோறும் தங்கள் கட்டணத்தை உயர்த்தும் அளவுக்கும் உச்சவரம்பு விதிக்கப்பட்டது.

விளைவு என்ன? 2019இல் வெளியான ஆய்வொன்று, அம்மாநிலத்தில் தனியார் காப்பீட்டின் மருத்துவச் செலவு வளர்ச்சி, ஒப்பிடத்தக்க மற்ற இடங்களைவிடக் குறைந்தது என்று கண்டது. முதல்நிலை மருத்துவத்துக்கான செலவு கூடிய அதே வேளையில் இது நிகழ்ந்தது. ஆனால் செலவைக் குறைத்ததில் பெரும்பங்கு மருத்துவமனைக் கட்டண வரம்புக்கே உரியது என்றும் அவ்வாய்வு கூறியது. இந்த இரண்டாவது உண்மையை நாம் மறந்துவிடக் கூடாது. பின்னால் அது பயன்படும்.

பின்னர் ஆரிகன் மாநிலமும் இவ்வழியில் சென்றது. 2023ஆம் ஆண்டுக்குள் மருத்துவச் செலவில் குறைந்தது 12 விழுக்காட்டை முதல்நிலை மருத்துவத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று 2017இல் அங்கே சட்டம் இயற்றப்பட்டது.

மத்திய அரசின் பெருஞ்சோதனை

2010ஆம் ஆண்டு மார்ச் மாதம் அதிபர் பராக் ஒபாமா கையெழுத்திட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், மருத்துவத்துக்குப் பணம் கொடுக்கும் புதிய முறைகளைச் சோதித்துப் பார்ப்பதற்கென ஒரு மையத்தை உருவாக்கியது. அதற்குப் பத்தாண்டுக் காலத்துக்கு 1,000 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அம்மையம் நடத்திய சோதனைகளில் முக்கியமானது, 2012 இறுதியில் தொடங்கி 2016 இறுதி வரை நடந்த முழுமையான முதல்நிலை மருத்துவ முயற்சி ஆகும்.

அர்கன்சாஸ், கொலராடோ, நியூ ஜெர்சி, ஆரிகன் ஆகிய நான்கு மாநிலங்கள் முழுமையாகவும், நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் பள்ளத்தாக்கை உள்ளிட்ட ஒரு பகுதி, ஒஹாயோவும் கென்டக்கியும் சந்திக்கும் சின்சினாட்டிப் பகுதி, ஒக்லஹோமாவின் டல்சாப் பகுதி ஆகியவையும் சேர்ந்து மொத்தம் ஏழு வட்டாரங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. தேர்வு செய்த முறையே புதுமையானது. முதலில் காப்பீட்டு நிறுவனங்களிடம், "எங்களோடு சேர்ந்து நீங்களும் பணம் போடத் தயாரா?" என்று கேட்கப்பட்டது. எங்கெல்லாம் போதிய நிறுவனங்கள் முன்வந்தனவோ அங்கேதான் சோதனை நடந்தது. ஏறத்தாழ 40 அரசு, தனியார் காப்பீடுகளும் ஏறத்தாழ 500 கிளினிக்குகளும் இணைந்தன.

மெடிகேர், தன் நோயாளி ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் சராசரியாக 20 டாலர் கொடுத்தது. நோயின் கடுமைக்கேற்ப இது 8 டாலர் முதல் 40 டாலர் வரை வேறுபட்டது. பிற்பாதி இரண்டு ஆண்டுகளில் சராசரி 15 டாலராகக் குறைக்கப்பட்டது. இது வழக்கமான வருகைக் கட்டணத்துக்கு மேலாகக் கிடைத்த தொகை. தனியார் நிறுவனங்கள் தத்தம் பங்கைத் தனியே கொடுத்தன. அது பெரும்பாலும் மெடிகேர் தொகையைவிடக் குறைவாகவே இருந்தது.

பணத்துக்கு ஈடாக ஐந்து கடமைகள் விதிக்கப்பட்டன. நோய் முற்றும் அபாயம் உள்ளவர்களை இனங்கண்டு தனிக் கவனம் செலுத்துதல். இரவானாலும் விடுமுறையானாலும் நோயாளி தொடர்பு கொள்ள வழி செய்தல். நாட்பட்ட நோய்களையும் தடுப்பு மருத்துவத்தையும் திட்டமிட்டுக் கவனித்தல். நோயாளியையும் அவர் குடும்பத்தையும் முடிவுகளில் பங்கேற்கச் செய்தல். மருத்துவமனைகளோடும் சிறப்பு மருத்துவர்களோடும் தொடர்பு வைத்து ஒருங்கிணைத்தல் ஆகியவையே அவை. நாம் மேலே எண்ணிப் பார்த்த மூதாட்டிக்குத் தேவைப்பட்டவை யாவும் இவ்வைந்தில் அடங்கிவிடுவதைக் காணலாம்.

போட்டியாளர்கள் கூடிப் பேசலாமா?

இங்கே ஒரு சட்டச் சிக்கலைச் சொல்லியாக வேண்டும். போட்டி நிறுவனங்கள் கூடி விலை பேசிக்கொள்வதை அமெரிக்கச் சட்டம் 1890 முதலே கடுமையாகத் தடை செய்கிறது. கூடி நன்மை செய்வதாகச் சொல்லிக்கொண்டு, கூடிக் கொள்ளையடிக்கும் வழக்கம் உலகெங்கும் இருப்பதால் அந்தத் தடை அவசியமே. எனவே, இக்கூட்டங்களில் ஒரு வரையறை கடைப்பிடிக்கப்பட்டது. எதற்குப் பணம் கொடுப்பது, எந்த அறிக்கையைக் கேட்பது, எந்த நோய்களை அளவிடுவது என்பவற்றைச் சேர்ந்து பேசலாம். எவ்வளவு கொடுப்பது என்பதைச் சேர்ந்து பேசக் கூடாது. அதை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தே முடிவு செய்ய வேண்டும். கூட்டத்தைக் கூட்டுபவர் அரசு அதிகாரியாகவோ இலாப நோக்கற்ற பொது அமைப்பாகவோ இருப்பதும் இதற்காகவே. நடுநிலையாளர் ஒருவர் இல்லாமல் போட்டியாளர்களை ஒரு மேசையில் அமர்த்த முடியாது என்பது இம்முயற்சிகள் யாவும் கற்றுத் தந்த பாடம்.

அக்கூட்டங்களின் கண்கூடான பயன் ஒன்று உண்டு. சில வட்டாரங்களில் நிறுவனங்கள் தங்கள் தகவல்களை ஒரே இடத்தில் சேர்த்துத் தர முன்வந்தன. டல்சாவில், பல காப்பீடுகளின் கணக்குகளும் ஒரு பொது அமைப்பில் திரட்டப்பட்டு மருத்துவர்களுக்கு அளிக்கப்பட்டன. தம் நோயாளி வேறெந்த மருத்துவமனைக்குப் போனார் என்பதை அறியாதிருந்த குடும்ப மருத்துவருக்கு, அவர்கள் அனைவரையும் பற்றிய விவரம் ஒரே அறிக்கையில் கிடைத்தது.

கணக்கு என்ன சொன்னது?

நான்கு ஆண்டுகள் முடிந்தன. ஆய்வாளர்கள் இக்கிளினிக்குகளை, திட்டத்தில் சேராத மற்ற கிளினிக்குகளோடு ஒப்பிட்டு மெடிகேர் கணக்குகளை அலசினார்கள். முடிவுகள் 2018இல் வெளியாயின.

கிளினிக்குகளின் வேலை முறை மாறியிருந்தது. செவிலியர்கள் அமர்த்தப்பட்டு, நோயுற்றோர் தொடர்ந்து விசாரிக்கப்பட்டனர். அவசரப் பிரிவுக்குப் போவோர் எண்ணிக்கையின் வளர்ச்சி ஏறத்தாழ 2 விழுக்காடு குறைந்தது. ஆனால், மெடிகேர் செலவில் குறைந்த தொகையைக் கொண்டு, மெடிகேர் கொடுத்த மாதத் தொகையை ஈடுகட்ட முடியவில்லை. நோயாளிகளின் மனநிறைவிலும் சிகிச்சைத் தர அளவீடுகளிலும் பெரிய மாற்றம் தென்படவில்லை.

அடுத்து 2017இல் இன்னும் பெரிய சோதனை தொடங்கியது. முதலில் 14 வட்டாரங்கள், மறு ஆண்டு 18 வட்டாரங்கள், ஏறத்தாழ 3,000 கிளினிக்குகள் என அது விரிந்தது. மிகச் சிக்கலான நோயாளிகளுக்கு மாதம் 100 டாலர் வரை வழங்கும் பிரிவும் அதில் இருந்தது. வருகைக் கட்டணத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாகக் கொடுக்கும் முறையும் சோதிக்கப்பட்டது. 2021 இறுதியில் அது முடிந்தபோது வந்த விடை ஏறத்தாழ முன்னையதைப் போன்றதே. அவசரப் பிரிவு வருகைகள் சற்றுக் குறைந்தன. மொத்தச் செலவு குறையவில்லை. கொடுத்த ஊக்கத் தொகைகளையும் சேர்த்துப் பார்த்தால் செலவு கூடவே செய்தது.

அப்படியானால் முயற்சி தோல்வியா? அவசரப்பட்டு அவ்வாறு சொல்லிவிட முடியாது. நான்கு காரணங்களை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

முதலாவது, வருகைக்குக் கூலி என்ற பழைய முறை ஒழியவில்லை. அதன் மேல் புதிய தொகை ஒட்டப்பட்டது. அடித்தளத்தை மாற்றாமல் மேலே பூசிய சுண்ணாம்பு எவ்வளவு தாங்கும்?

இரண்டாவது, கூட்டு முழுமையானதாக இல்லை. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் பல, தங்கள் ஊழியரின் மருத்துவச் செலவைத் தாங்களே ஏற்றுக்கொண்டு, கணக்கெழுதும் வேலையை மட்டும் காப்பீட்டு நிறுவனத்திடம் விடுகின்றன. 1974ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் ஒன்றின் காரணமாக மாநில அரசுகள் இத்தகைய திட்டங்களைக் கட்டுப்படுத்த இயலாது. இவ்வாறு ஆறு பேரில் ஓரிருவர் எப்போதும் வாய்க்கால் வார வராமலே இருந்தனர்.

மூன்றாவது, காலம் குறுகியது. நீரிழிவைக் கட்டுக்குள் வைப்பதன் முழுப் பயன் நான்கு ஆண்டில் தெரிவதில்லை. சிறுநீரகம் பழுதாகாமல் இருப்பதும் கால் எடுக்கப்படாமல் இருப்பதும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துத் தெரியும் பயன்கள்.

நான்காவது, ரோட் ஐலண்ட் கற்பித்த பாடம். அமெரிக்க மருத்துவச் செலவு மலைபோல் உயர்வதற்கு மக்கள் அடிக்கடி நோயுறுவது மட்டுமே காரணமன்று. மருத்துவமனைகள் கேட்கும் விலை பெருங்காரணம். குடும்ப மருத்துவர் எவ்வளவு விழிப்பாக இருந்தாலும் மருத்துவமனையின் விலைப்பட்டியலை அவரால் திருத்த முடியாது. தம் கையில் இல்லாத ஒன்றுக்கு அவரைப் பொறுப்பாளியாக்குவது எவ்விதத்தில் நியாயம்?

இன்றைய நிலை

இதற்குப் பிறகு வந்த திட்டங்கள் நிலைபெறவில்லை. 2024 ஜூலையில் எட்டு மாநிலங்களில், மெடிகெய்டையும் உடன் சேர்த்துக்கொண்டு பத்தரை ஆண்டுகளுக்கெனத் தொடங்கப்பட்ட திட்டத்தை 2025 இறுதியோடு முடித்துக்கொள்ளப் போவதாக 2025 மார்ச்சிலேயே மத்திய அரசு அறிவித்துவிட்டது. பத்தாண்டு நம்பிக்கையோடு ஆள் அமர்த்திய கிளினிக்குகளுக்கு இது எத்தகைய அதிர்ச்சியாக இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒப்பந்தம் எப்போது முடியும் என்று தெரியாத இடத்தில், செவிலியரை நிரந்தரமாக வேலைக்கு அமர்த்த எந்த மருத்துவருக்கும் துணிவு வராது.

எனினும், விதைத்த கருத்து வீணாகவில்லை. நாட்பட்ட நோய்கள் இரண்டேனும் உள்ளவர்களுக்கு, நேரில் வராதபோதும் செய்யும் பணிக்கு மாதந்தோறும் பணம் தரும் முறையை மெடிகேர் 2015 முதல் தன் வழக்கமான கட்டணப் பட்டியலிலேயே சேர்த்துக்கொண்டது. 2025 ஜனவரியில் அது மேலும் விரிவாக்கப்பட்டது. மூதாட்டிக்குச் செவிலியர் செய்யும் தொலைபேசி அழைப்பு, ஒரு காலத்தில் கணக்கில் வராத கருணையாக இருந்தது. இப்போது அது கூலிக்குரிய மருத்துவப் பணியாக ஏற்கப்பட்டுவிட்டது. வெர்மான்டின் ஊர் நலக் குழுக்களும் ரோட் ஐலண்டின் கூட்டமைப்பும், மத்திய அரசின் சோதனைகள் வந்து போன பின்னும் தொடர்ந்தன. சிறிய மாநிலம், ஒருவரையொருவர் அறிந்த மனிதர்கள், சட்டத்தின் துணை, நடுநிலையான அழைப்பாளர் ஆகிய நான்கும் சேர்ந்த இடத்தில் கூட்டு நிலைத்தது என்பதை இதிலிருந்து உணரலாம்.

நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது

மேலே சொன்ன 2021ஆம் ஆண்டு அறிக்கை முதல்நிலை மருத்துவத்தைப் பொது நன்மை என்று குறிப்பிட்டது. பாதை, குடிநீர், பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் போல அதுவும் எல்லாருக்கும் உரியது. ஆகவே எல்லாரும் சேர்ந்து பேண வேண்டியது என்பதே அதன் பொருள். பாதை போட்டதால் அரசுக்கு இலாபம் வந்ததா என்று நாம் கேட்பதில்லை. அந்தப் பாதையில் மனிதர்கள் நடந்து வீடு சேர்ந்தார்களா என்றே கேட்கிறோம். குடும்ப மருத்துவரிடம் மட்டும், "உங்களால் எங்களுக்கு எவ்வளவு டாலர் மிச்சம்?" என்று கேட்பது ஏன்? அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லையே!

ஆனால், செலவிடும் பணம் மக்களுடைய பணம். ஆகவே, கணக்குக் கேட்பதும் தவறன்று. கூட்டாகப் போட்ட பணத்தால் உடல்நலம் எவ்வளவு உயர்ந்தது என்பதைக் காட்ட வேண்டிய கடமை மருத்துவர்களுக்கு உண்டு. அமெரிக்கச் சோதனைகள் தங்கள் குறைகளையும் மறைக்காமல் வெளியிட்டன என்பது பாராட்டுக்குரியது. வெற்றியை மட்டும் பறைசாற்றும் திட்டங்களைவிட, "இவ்வளவுதான் எங்களால் முடிந்தது" என்று ஒப்புக்கொள்ளும் திட்டங்களிடமிருந்து உலகம் அதிகம் கற்றுக்கொள்கிறது.

காப்பீடு என்பது படுக்கையில் விழுந்த பின் வரும் பணம் மட்டுமன்று. படுக்கையில் விழாமல் காக்கும் ஏற்பாடாகவும் அது இருக்க முடியும். அதற்குப் போட்டியாளர்கள் சில காரியங்களிலேனும் கூட்டாளிகளாக வேண்டும். அவர்களை ஒன்று கூட்டும் நடுநிலையாளர் வேண்டும். வராதவரையும் வரச் செய்யும் சட்டம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நான்கு ஆண்டில் பலன் தரவில்லை என்று மரத்தை வெட்டிவிடாத பொறுமை வேண்டும். அடுத்த முறை நம் வீட்டுக்கு ஒரு காப்பீட்டுத் திட்டத்தைக் குறித்துச் சொல்ல யாரேனும் வந்தால், "மருத்துவமனையில் சேர்ந்தால் எவ்வளவு தருவீர்கள்?" என்பதோடு இன்னொரு கேள்வியையும் கேட்போம்: "நாங்கள் அங்கே போய்ச் சேராமல் இருப்பதற்கு என்ன செய்கிறீர்கள்?"